விரதகாரனுக்கு உப்புப் பார்த்தவள்

என் பல்செட் மேல் சத்தியம், அதைப் போட்டு வைக்கிற கிளாஸ் மேல் சத்தியம், போன வருடம் மாற்றின முழங்கால் மேலும் சத்தியம்: கீழே எழுதப்போவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை ஏன் இவ்வளவு உரத்துச் சொல்கிறேன் என்றால், கனடாவில் இந்த ஸ்காபரோவில் என்னைத் தெரிந்தவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. நயாகரா உறைந்த வருடம் அதன் மேலால் நடந்து போய் அமெரிக்காவில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன் என்று நான் சொன்னதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காலைச் சாப்பாடு கொடுக்கிற தொழிலில் சமைப்பது அரைவாசி வேலைகூட இல்லை. பசிக்கிறது என்று ஒரு பிள்ளையைச் சொல்ல வைக்காமலே அதைச் சாப்பிட வைப்பதுதான் வேலை. உங்களில் யாராவது கோப்பையும் கரண்டியுமாக ஒரு பிள்ளைக்குப் பின்னால் வீடு முழுக்க ஓடியிருந்தால் நீங்களும் என் கட்சி. நான் ஓடியது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். மனைவி போன பிறகு நான் சுவரோடு கதைக்கிறேன் என்று சொல்லி, மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் மகள் என்னைத் தொண்டனாகச் சேர்த்துவிட்டாள். முப்பது வருடம் டவுன்ரவுன் ஹோட்டல் குசினிகளில் நின்றவனுக்கு முட்டை பொரிக்க யார் சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்போடுதான் போனேன்.

பசிக்குச் சாதகம் இல்லை

குசினிக்குப் பொறுப்பு மேர்சி. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பொய் என்றால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். முதல் நாளே எனக்குச் சட்டம் சொன்னாள். ஏழே முக்காலுக்குக் கதவு திறக்கும், யாரும் வரலாம். வசதியான வீட்டுப் பிள்ளையும் வரும், இல்லாத வீட்டுப் பிள்ளையும் வரும், எது எது என்று எங்களுக்குத் தெரியவே கூடாது. வீட்டில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கக் கூடாது. ஒருதரம் கேட்டு வேண்டாம் என்றால், சாப்பிடு சாப்பிடு என்று நிற்கவும் கூடாது.

நான் தலையாட்டினேன். ஆனால் யாழ்ப்பாணத்தானின் வாய் அவன் தலை சொல்வதைக் கேட்காது. முதல் பொடியன் கோப்பையை நீட்டியதும், நீ எந்த ஊர் என்று கேட்டேன். ஸ்காபரோ என்றான். அப்பாவின் ஊர் எது என்றேன். அதுவும் ஸ்காபரோ என்றான். சரி, அப்பா என்ன வேலை என்றேன். அவன் முகம் மாறிப்போனது. கோப்பையை மேசையில் வைத்தான், எடுத்த வாழைப்பழத்தையும் திருப்பிக் கூடைக்குள் வைத்தான், வெளியே போனான். ஒரு கிழமை முழுக்க அவன் அந்தக் கதவால் வரவே இல்லை. மேர்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அண்ணை, இது கலியாணம் பேசுற இடமில்லை. பசிக்குச் சாதகம் பாக்கிறேல்லை.”

எரியாத நெருப்பு

ஒருநாள் பேகல் என்கிற வளைய ரொட்டி ஒன்று ரோஸ்ரருக்குள் அகப்பட்டுக் கருகிப்போனது. அன்றைக்கு எழும்பின புகையை தூரத்து விட்பியில் இருந்தவர்களும் பார்த்தார்கள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. சத்தியம் செய்துவிட்டேன், ஒரு மேசை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்தது. முழுப் பள்ளிக்கூடமும் பனிக்குள் இறங்கி வரிசையில் நின்றது. தீயணைப்பு வண்டியில் வந்தவர்களில் பெரிய மீசைக்காரர் ஒருவர் அந்தப் பேகலை இடுக்கியால் தூக்கிப் பார்த்து, இறந்தவருக்குச் செய்கிற மாதிரித் தொப்பியைக் கழற்றினார். (தொப்பி விசயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.)

எல்லாரும் உள்ளே வந்தபோது வகுப்பு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் நேரே வகுப்புக்குப் போய்விட்டார்கள். பொரித்து வைத்த முட்டை அவ்வளவும் ஆறிக் கிடந்தது. ஆறின முட்டையைக் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம். நானும் மேர்சியும் கறுப்புப் பைக்குள் கொட்டினோம். நிமிர்ந்து பார்த்தால், முதலாம் வகுப்புக் குஞ்சு ஒன்று சப்பாத்தில் பனியோடு வாசலில் நின்று அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயப்படாதே, வெறும் புகைதான், ஒன்றும் எரியவில்லை என்று மேர்சி சொன்னாள். அது பையைக் கையால் காட்டியது. “ஒண்டும் எரியேல்லை எண்டால் சாப்பாடு எங்கை போச்சு?”

வெள்ளிக்கிழமைக் கோழி

இனிமேல் சொல்வதெல்லாம் ஒரு பிள்ளையைப் பற்றியதுதான். தை மாதம் வரத் தொடங்கினாள். எட்டு வயது மதிக்கலாம். இலங்கையிலிருந்து வந்து அதிக காலம் இல்லை என்று பேச்சிலேயே தெரிந்தது. இங்கே பிறந்ததுகள் தமிழைச் சுடுசோறு மாதிரி வாயில் வைத்தவுடனே துப்பிவிடும், இவள் முழு வசனமாகப் பேசினாள். தாய் வேலைக்குப் போகிற வழியில் விட்டுவிட்டு ஓடுவதால் எங்கள் அறைக்கு எப்போதும் முதல் ஆள். கதவோரக் கதிரையில் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருப்பாள். சாப்பிட வா என்றால், நான் சாப்பிட்டிட்டன் அங்கிள் என்பாள். எழுபத்தாறு வயதிலும் இந்த நகரத்தில் நான் அங்கிள்தான்.

அந்த மறுமொழியின் அர்த்தம் எங்களுக்குத் தெரியாததா? அடுத்தவர் வீட்டில் சாப்பிடக் கேட்டால் முதல்தரம் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும், இரண்டாம்தரம் வயிற்றில் இடம் இல்லை என்று சொல்ல வேண்டும், மூன்றாம்தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான் கை கழுவப் போகலாம். பிள்ளையை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். மேர்சியின் சட்டத்திலோ ஒருதரத்துக்கு மேல் கேட்க முடியாது. மூன்றாம்தரத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கும் முதல்தரத்தோடு நிறுத்துகிற சட்டத்துக்கும் நடுவில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

சுற்றிவளைத்து, என்ன சாப்பாடு என்று கேட்டேன். திங்கள் இடியப்பமும் சொதியும் என்றாள். செவ்வாய் தோசை, மூன்று விதமான சம்பல். புதன் பாலப்பம். வியாழன் பிட்டும் வாழைப்பழமும் முட்டைப் பொரியலும். விடிய எழும்பி வேலைக்கு ஓடுகிற தாய் எந்த நேரத்தில் மூன்று சம்பல் அரைத்தார் என்று நான் கேட்கவில்லை. பொய்யில் எனக்கு அறுபது வருட சேவிஸ், நல்ல பொய்யைக் கண்டால் எழும்பி நின்று மரியாதை செய்கிறவன். ஆனால் அடுப்பில் முட்டை பொரிகிற நேரம் அவள் கழுத்து தானாக நீண்டது. கழுத்துக்குப் பொய் சொல்ல அவள் இன்னும் பழக்கவில்லை. வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறும் நடுவில் சந்தனப் பொட்டுமாக வந்தாள். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் புழங்காத வீடு என்று அந்த நெற்றியே சொன்னது. இன்றைக்கு என்ன சாப்பாடு என்றேன். தெரிந்த சாப்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன போல, கொஞ்சம் யோசித்தாள். “கோழிக்கறியும் பாணும், அங்கிள். ரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன்.”

புதன்கிழமைக்குக் கடவுள் கிடைக்கவில்லை

அடுத்த திங்கள் ரவை உப்புமா கிண்டினேன். அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாத மாதிரி, முழு அறைக்கும் கேட்கப் புலம்பினேன். இன்றைக்குச் சோமவாரம், நான் விரதம், நாக்கில் ஒன்றும் வைக்க முடியாது. மேர்சியை நம்பவும் முடியாது, அவள் உப்பளத்து ஊர்க்காரி, கைப்பிடியாகத்தான் போடுவாள். உப்புப் பார்த்துச் சொல்ல ஒரு சைவக்காரப் பிள்ளை இல்லாமல் போய்விட்டதே. கதவோரக் கதிரையிலிருந்து ஒரு கை மெல்ல எழும்பியது. உப்புப் பார்ப்பது சாப்பிட்டதில் சேராது, அது உதவி என்று நான் சொல்லத் தேவை இருக்கவில்லை, அவளுக்கே தெரியும். உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தேன். நீதவான் மாதிரிக் கண்ணை மூடி ருசித்துவிட்டு, காணாது என்றாள். போட்டேன். திரும்பப் பார்த்தாள். மேல் உப்பு வேறு, அடிச்சட்டி உப்பு வேறு, ஒரு கோப்பை நிறையப் பார்த்தால்தான் பிடிபடும் என்றேன். பார்த்தாள். கோப்பை வழித்த மாதிரி வந்தது.

அதோடு நான் நிரந்தர விரதகாரன். திங்கள் சிவன், செவ்வாய் துர்க்கை, வியாழன் குரு, வெள்ளி முருகன். புதன்கிழமைக்குத்தான் கடவுள் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு வைரவருக்கு நேர்த்தி என்று ஒப்பேற்றினேன். கதவு திறப்பதற்கு முன் குசினிப் பிறிட்ஜுக்குப் பின்னால் நின்று இரண்டு முட்டை சாண்ட்விச் அடிக்கிற விரதகாரனை உலகத்தில் மேர்சி ஒருத்திதான் கண்டிருப்பாள். “அண்ணை, மேல இருக்கிற உங்கட ஆள் மன்னிச்சுப்போடுவார். என்ரை ஆள், பாத்துக்கொண்டு நிண்டதுக்கு என்னையும் சேர்த்தெல்லோ கேப்பார்.”

ஆறின பிறகு

ஓட்ஸ் கஞ்சி, பொரித்த முட்டை, வெண்ணெய் பூசின பாண் என்று அவள் உப்புப் பார்க்காத பண்டம் இல்லை. ஒருநாள் நறுக்கின அப்பிளுக்கும் உப்புப் பார்த்தாள். ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போடவும் பழகிவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது என்று நான் சொன்னேன், மேர்சி அது என் கண்ணாடிப் பிழை என்றாள்.

சாப்பாட்டை அந்த அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அதுவும் ஒரு சட்டம். ஒருநாள் பார்த்தால், கொடுத்த சாண்ட்விச்சில் பாதியைத் தின்றுவிட்டு மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றி ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைக்கிறாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பொய்க்காரனுக்கு முன்னால் பொய் சொல்லத் தைரியம் வேண்டும். அவளிடம் இருந்தது. “ஆறினாப் பிறகு உப்பு மாறும், அங்கிள். அதை அம்மாதான் சரியாச் சொல்லுவா.”

பாறணை

பிறகு ஒரு புதன்கிழமை, இந்த விரதம் எப்போது முடியும் என்று கேட்டாள். ஒன்று நாளையோடு முடிகிறது, திங்கள் மற்றது தொடங்கும் என்று, வெள்ளிக்கிழமை முருகனையும் மறந்து, யோசிக்காமல் சொன்னேன். அப்படியானால் வெள்ளி காலமை பாறணை, யார் சமைப்பினம் என்றாள். விரதம் முடிந்த மறுநாள் காலையில் சோறும் மரக்கறியுமாகச் சாப்பிட்டு முடித்தால்தான் பலன், சமைத்துப் போடுகிறவருக்கும் அதில் பாதி என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யார் பிள்ளை இருக்கிறார்கள், மனிசியும் போய்விட்டா, கோப்பிக் கடையில் ஒரு பணிஸ் வாங்கித் தின்று முடிப்பேன் என்றேன். கதைக்கு ஒரு சோகம் இருக்கட்டுமே என்று சேர்த்தது. கதை விடுகிறவர்களுக்கு என் புத்திமதி, ருசிக்கென்று போடுகிற கடைசிச் சிட்டிகைதான் கறியைக் கெடுக்கும்.

வெள்ளிக்கிழமை தாயும் கூட வந்தார். ஜக்கெற்றுக்குள்ளே வேலைத்தலத்து உடுப்பு, கண்ணில் நித்திரை இல்லாத சிவப்பு. கையில் ஒரு பச்சைப் பை. இல்லாத வீடுகளுக்கு இலவசமாகச் சாமான் தருகிற உணவு வங்கியின் பை அது; ஒரு குளிர்காலம் அங்கேயும் நின்று சாமான் கட்டியவன் நான், ஒரு வீட்டுக்கு எவ்வளவு அரிசி போடுவார்கள் என்று என் கைக்குத் தெரியும். அந்தப் பைக்குள்ளிருந்து சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கிழங்குப் பிரட்டல், அப்பளம், ஒரு சின்னப் போத்தலில் பாயாசம் எல்லாம் வந்தன. சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, பள்ளிக்கூடத்துக்குள் முந்திரிக் கஜு கூடாது என்று பிள்ளை சொன்னதால் பாயாசத்துக்கு உலர்ந்த திராட்சைப் பிளம்ஸ் மட்டும் போட்டாராம். பட்டினி கிடந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற மனிசரைத் தான் கண்டதில்லை என்றார். வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறார் என்று மகள் சொன்னாள். அந்தப் பாதிப் புண்ணியம் தங்களுக்கு இப்போது நல்லாய்த் தேவை என்று தாய் சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் வயிற்றுக்குள் அப்போதுதான் போட்ட இரண்டு முட்டை சாண்ட்விச் கிடந்தன. உண்மையைச் சொன்னால் அவருடைய மகள் உப்புப் பார்க்கவில்லை, இத்தனை நாளும் தருமச் சாப்பாடு சாப்பிட்டாள் என்று ஆகும். வேண்டாம் என்றால் அவர் முகத்தில் அடித்ததாகும். மேர்சி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சாப்பிடக் கதிரையில் இருந்தேன். அவர் நின்றபடி பரிமாறினார். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் விழுங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையும் ஏறி இறங்கியது. சோறு கூடிப்போனது, பிள்ளை கொஞ்சம் எடுக்கட்டும் என்று பார்த்தேன். பாறணைச் சோற்றில் மிச்சம் வைக்கக் கூடாது ஐயா என்று தாய் இன்னொரு அகப்பை வைத்தார். அப்படி ஒரு கத்தரிக்காய்க் குழம்பு எந்த ஹோட்டலிலும் நான் சாப்பிட்டதில்லை. அப்படிக் கஷ்டப்பட்டும் எதையும் சாப்பிட்டதில்லை. கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு, நீங்கள் என்று இழுத்தேன். அவர் வெறும் பையை மடித்துக்கொண்டிருந்தார். “நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள், ஐயா.”

மெய்யாய்ப் போன கதை

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் சோறு எனக்குச் செமிக்கவில்லை. திங்கள் விரதம் என்றால் வெள்ளி இன்னொரு பாறணை. உண்மையைச் சொல்லுங்கோ என்றாள் மேர்சி. எனக்கு அதில் பழக்கம் இல்லை. டொக்டர் விரதம் பிடிக்கக் கூடாது என்றுவிட்டார் என்று பிள்ளையிடம் சொன்னேன். அப்ப இனி நீங்களே உப்புப் பார்ப்பியள் என்று சொல்லிவிட்டுக் கதவோரக் கதிரைக்குப் போய்விட்டாள். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. என்ன சாப்பாடு என்று கேட்டேன். இடியப்பமாம். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. நான் விரதம் இருந்தால் தாயின் அரிசிப் பானை காயும், விரதத்தை விட்டால் பிள்ளையின் வயிறு காயும். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு நான் நின்ற நிலையை விரோதிக்கும் விரும்பமாட்டேன்.

வியாழன் புது விரதம் ஒன்று தொடங்கினேன். இதற்குப் பாறணை கிடையாது, மத்தியானம் பச்சைத்தண்ணீரோடு முடிப்பது, இதற்குச் சோறு கொண்டுவந்து தருகிறவருக்குப் பாவம் சேரும் என்று விதி எழுதினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சத்தியமா என்று கேட்டு உள்ளங்கையை நீட்டினாள். பல் மேல், முழங்கால் மேல், இறந்துபோன மாமியார் மேல் எல்லாம் பொய்ச்சத்தியம் செய்தவன் நான். அந்தக் கை மேல் முடியவில்லை. என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன், செய்தபடி இருந்தேன். அவள் திரும்ப உப்புப் பார்க்க வந்தாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வரை என் பல்லில் ஒன்றும் படவில்லை. பத்து மணிக்கெல்லாம் கழுவுகிற கரண்டி சட்டியில் தாளம் போடும். மேர்சி சில நாள் பிறிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் ஒரு கிளாஸ் தண்ணீரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “அண்ணை, நீங்கள் பொய்யனாவே இருந்திருக்கலாம். பாக்கப் பாவமாக் கிடக்கு.”

கூட்டலாம், எடுக்கேலாது

பங்குனி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற் வீட்டை உடைமைக்காரர் விற்றுவிட்டாராம். விட்பிக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னது, இல்லை ரெக்ஸ்டேல் என்று இன்னொன்று சொன்னது. இரண்டும் இரண்டு திசை. நான் மத்தியானம் வரை விரதம் இருந்தேன், மறுநாளும் இருந்தேன், பிறகும் ஒரு கிழமை இருந்தேன். சத்தியத்துக்கு முடிவுத் திகதி போட மறந்துவிட்டேன் என்று மேர்சியிடம் சொன்னேன். அவள் தண்ணீர்க் கிளாஸை நிரப்பி வைத்தாள்.

விடுமுறைக்கு முதல் நாள் அவள் வழமை போலத் தனக்குச் சூட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறவிட்டு ஒன்று என்று உப்புப் பார்த்தாள். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி அடுப்படிக்கு வந்தாள். ஏதோ குறை பிடிக்க வருகிறாள் என்று நினைத்து, என்ன, இன்றைக்கும் காணாதோ என்றேன். இல்லையாம், சரியாம். ஆனால் சொல்லிவிட்டுப் போகவேண்டிய ஒன்று இருந்ததாம். வேலையை ஒப்படைக்கிற ஆள் மாதிரி, நின்று, மெதுவாகச் சொன்னாள். “உப்பை எப்பவும் கொஞ்சமாப் போடுங்கோ, அங்கிள். பிறகு கூட்டலாம். கூடினால் எடுக்கேலாது.”

அந்தத் தாய் இந்த நகரத்தில்தான் எங்கேயோ ஒரு பஸ்ஸுக்கு நிற்கிறார். ஒரு விரதகாரனுக்குத் தன் கையால் சோறு போட்டோம், அந்தப் பாதிப் புண்ணியம் எங்களுக்கு இருக்கிறது என்று ஒரு கஷ்டமான நாளில் நினைத்துக்கொள்வார். முட்டை தின்ற வாயில்தான் அந்தச் சோறு போனது என்று தெரிந்தால் அதுவும் அவரிடம் இல்லாமல் போய்விடும். அதனால் கதையைச் சொல்லுங்கள், ஆர் சொன்னது என்று கேட்டால் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் யாரோ கதைத்தார்கள் என்று சொல்லுங்கள். பொய் விரதத்துக்குப் பாயாசத்தோடு பாறணையும் மெய் விரதத்துக்கு ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரும் கிடைத்ததுதான் இந்தத் தொழிலில் நான் வாங்கின சம்பளம், அதையும் நான் சொன்னதாக ஒருவரிடமும் சொல்லிப்போடாதேங்கோ.